பார்க்கின்சன்: குளிசைக்கு அப்பால் வீட்டில் செய்ய வேண்டியவை

பார்க்கின்சன் என்றால் கைநடுக்கம் என்றுதான் ஊரில் கதை. கூட இருந்து பார்ப்பவரைக் கேட்டால் வேறு பட்டியல் வரும். கேட்டதற்குப் பதில் வரக் காத்திருக்க வேண்டும். தொடங்கிய வேலை பாதியில் நிற்கும். வாசற்படியில் கால் ஒட்டிக்கொள்ளும். குரல் தொண்டைக்குள்ளேயே போய்விடும். மூளையில் டோபமின் சுரக்கும் கலங்கள் குறைந்துகொண்டு போவதால் வரும் இந்த நோயில், குளிசை உடம்பின் இறுக்கத்தையும் மந்தத்தையும் நன்றாகவே தளர்த்தும். சிந்தனை, குரல், சமநிலை, விழுங்கல் ஆகியவற்றுக்கு அது தனியே போதாது. பயிற்சியும் வீட்டு ஒழுங்கும் சேர வேண்டும். புதிதாக இந்தப் பொறுப்பை ஏற்ற குடும்பங்களுக்காக அதை இங்கே எழுதுகிறோம்.

வன்னியில் இதற்கு முன்னால் ஒரு தடை உண்டு. "யோசிச்சு யோசிச்சுத்தான் மனுசன் இப்பிடி ஆனது" என்ற பேச்சு. போர் முடிந்த 2009க்குப் பிறகு எந்த வருத்தத்துக்கும் இந்த ஒரே விளக்கம் கிடைத்துவிடுகிறது. துயரம் உண்மைதான். ஆனால் ஒரு பக்கக் கை மட்டும் விறைப்பது, நடக்கும்போது அந்தக் கை வீசாதது, எழுத்து வரவரச் சிறுத்துப்போவது, மணம் பிடிபடாமற் போவது ஆகியவற்றை யோசனையின் கணக்கில் எழுதக்கூடாது. இவை தெரிந்தால் மாவட்டப் பொது வைத்தியசாலையின் மருத்துவக் கிளினிக்கில் காட்டி, நரம்பியல் வைத்தியருக்குக் கடிதம் கேட்டு வாங்குங்கள்.

முதல் வாரம்: ஒரு கொப்பி

எந்தப் பயிற்சியையும் தொடங்க முதல், ஏழு நாளுக்கு ஒரு கொப்பியில் நேரம் குறியுங்கள். விடிய எழும்பியதிலிருந்து படுக்கும் வரை, மணித்தியாலத்துக்கு ஒரு வரி. குளிசை எடுத்த நேரம், சாப்பிட்ட நேரம், அந்த மணித்தியாலத்தில் ஆள் எப்படி இருந்தார் என்பவை மட்டும் போதும். நன்றாக அசைந்தால் 'ந', இறுகி மெதுவாக இருந்தால் 'இ', கை கால் தானாக நெளிந்து ஆடினால் 'ஆ'. வேறு விளக்கம் வேண்டாம். நீட்டி எழுதப்போனால் மூன்றாம் நாள் கொப்பி நின்றுவிடும்.

பார்க்கின்சனுக்குப் பிரதானமாகக் கொடுக்கும் லெவோடோபா குளிசை பொதுவாக அரை மணித்தியாலத்திலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குள் வேலையைக் காட்டும். நோய் பழையதாக ஆக, அந்த வேலை மூன்று நான்கு மணித்தியாலத்தில் வடிந்துவிடக்கூடும். நடைப்பயிற்சி, குரல் பயிற்சி, குளிப்பு, வைத்தியசாலைப் பயணம் எல்லாவற்றையும் 'ந' மணிகளுக்குள் போடுங்கள். 'இ' மணியில் பயிற்சி செய்வித்து, "இவருக்கு ஒண்டும் ஏலாது" என்று கைவிட்ட குடும்பங்கள் நிறைய.

கொப்பியில் 'ந' ஒழுங்கில்லாமல் வந்தால் முதலில் சாப்பாட்டைப் பாருங்கள். இறைச்சி, மீன், முட்டை, பால், பருப்பு ஆகியவற்றின் புரதமும் லெவோடோபாவும் உடம்புக்குள் போக ஒரே வழிக்குப் போட்டி போடும். அதனால் குளிசையைச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்னதாக, அல்லது சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் கொடுப்பது வழக்கம். வயிற்றைப் பிரட்டினால் ஒரு கிறக்கர் பிஸ்கட்டோடு கொடுக்கலாம், பால்தேத்தண்ணியோடு வேண்டாம். புரதத்தை அடியோடு நிறுத்தவும் கூடாது, ஏற்கெனவே மெலிகிற உடம்பு இன்னும் மெலியும். மத்தியானம் குறைத்து இரவுக்கு மீனோ பருப்போ கூட்டினாலே பலருக்குப் பகல் சீராகும். இரும்புச்சத்துக் குளிசை இருந்தால் இரண்டு மணித்தியாலம் தள்ளிக் கொடுங்கள்.

கிளினிக் நாளில் யாழ்ப்பாணத்துக்கோ அனுராதபுரத்துக்கோ விடிய பஸ் ஏறுகிறவர்கள், அன்றைய குளிசைகளைச் சட்டைப்பையிலும் ஒரு போத்தல் தண்ணியைக் கையிலும் வைத்திருக்க வேண்டும். வரிசை நீண்டு மத்தியானக் குளிசை தவறினால் வைத்தியர் காண்பது வேறு ஆளை. கடைசிக் குளிசை எத்தனை மணிக்கு என்பதைக் கிளினிக் கொப்பியின் மேல் மூலையில் எழுதிக் காட்டுங்கள்.

அங்கே மறக்காமல் சொல்ல வேண்டியவை மூன்று. நடுக்கத்துக்கு பென்செக்சோல் எடுக்கும் வயதானவருக்கு மறதியும் குழப்பமும் கூடியிருந்தால் அதைச் சொல்லுங்கள். அந்தக் குளிசைக்கே அந்தக் குணம் உண்டு. சத்திக்கு மெட்டோகுளோபிரமைட், தலைச்சுற்றுக்கு புரோகுளோர்பெரசின் அல்லது சினரிசின், ஆளை அமைதிப்படுத்த ஹலோபெரிடோல் எல்லாம் டோபமினைத் தடுப்பவை, பார்க்கின்சனைக் கூட்டுபவை. எந்த வைத்தியசாலைக்குப் போனாலும் "இவருக்குப் பார்க்கின்சன்" என்பதை முதல் வசனமாகச் சொல்ல வேண்டும். மூன்றாவது எங்கள் பக்கத்துக்கே உரியது: உடம்பில் ஷெல் துண்டு இருந்தால், எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்கு எழுத முதலே சொல்லிவிடுங்கள். இரும்புத் துண்டு காந்தப் புலத்தில் அசையவும் சூடாகவும் கூடும்.

மூளைக்கான பயிற்சி

பார்க்கின்சனில் மறதி வரும் விதம் வேறு. போட்டு வைத்தது பெரும்பாலும் அழிவதில்லை, எடுக்க நேரம் பிடிக்கிறது. அதனால்தான் "நேற்று ஆர் வந்தது?" என்றால் முழிப்பவர், "நேற்று வந்தது மாமாவோ சித்தப்பாவோ?" என்றால் சரியாகச் சொல்வார். கூடுதலாகப் பாதிக்கப்படுவது திட்டமிடல், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுதல், கவனத்தைப் பிடித்து வைத்தல், இடத்தையும் தூரத்தையும் கணித்தல். இதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொண்டு ஏசுவதால் வீட்டில் சண்டைதான் மிஞ்சும்.

இன்று முதல் மாற்றக்கூடியது நீங்கள் கதைக்கும் விதம். ஒரு வசனத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள். கேட்டபின் மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். ஐந்தாவது எண்ணிக்கையில் நீங்கள் திருப்பிக் கேட்டால், அவர் மூளை கட்டிக்கொண்டிருந்த பதில் கலைந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கும். "என்ன சாப்பிடப் போறீங்கள்?" என்பதைவிட "இடியப்பமோ புட்டோ?" நல்லது. தொலைக்காட்சி ஓடும்போது முக்கியமான எதையும் கேட்காதீர்கள்.

புதிய பழக்கம் ஒன்றைப் பதிக்க, இடைவெளி விட்டு நினைவூட்டும் முறை உண்டு. கதிரையிலிருந்து எழும்பும் ஒழுங்கை எடுப்போம். "எழும்ப முதல் என்ன செய்யவேணும்?" என்று கேட்டு, பதிலையும் நீங்களே சொல்லுங்கள்: "முன்னுக்கு அரக்கி, காலைப் பின்னுக்கு இழுக்கவேணும்." அவர் அதைத் திருப்பிச் சொல்லிச் செய்து காட்டட்டும். ஒரு நிமிடம் கழித்து அதே கேள்வி. சரியென்றால் அடுத்தது இரண்டு நிமிடத்தில், பிறகு நாலு, எட்டு, பதினைந்து. பிழைத்தால் "யோசிச்சுப் பாருங்கோ" என்று ஊகிக்க விடாதீர்கள். ஊகித்த பிழையும் மூளையில் பதிந்துவிடும். உடனே பதிலைச் சொல்லி, கடைசியாகச் சரிவந்த இடைவெளிக்குத் திரும்புங்கள். கேள்வியின் சொற்களையும் மாற்றக்கூடாது. மகள் ஒரு மாதிரியும் மருமகன் ஒரு மாதிரியும் கேட்டால் இது பலிக்காது. ஒரு நேரத்தில் ஒரு பழக்கம் மட்டும்.

கைபேசியில் மூளைப் பயிற்சி விளையாட்டுகளுக்குக் காசு கட்டலாமா என்று கேட்கிறார்கள். கட்ட வேண்டாம். அந்த விளையாட்டில் புள்ளி கூடும். வீட்டு வேலையில் அது தெரியும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. உடற்பயிற்சிக்கு இருக்கும் சான்று அதைவிடப் பலமானது. அதோடு எங்களிடம் 304 என்ற சீட்டாட்டம் இருக்கிறது. 32 சீட்டு, நாலு பேர். வீரன் 30, ஒன்பது 20, ஆசு 11, பத்து 10, ராசா 3, ராணி 2. ஒரு சாதிக்கு 76, நாலு சாதிக்கும் 304. கேள்வி கேட்பதற்குத் திட்டமிடல், துருப்பை மனதில் வைத்திருப்பதற்கு நினைவு, விழுந்த சீட்டை எண்ணுவதற்குக் கவனம் என்று பார்க்கின்சன் எதையெல்லாம் தொடுகிறதோ அதையெல்லாம் இந்த ஆட்டம் வேலை வாங்கும். சீட்டு விரல்களில் நிற்காவிட்டால் ஒரு பலகைத் துண்டில் நீளவாட்டில் வாளால் ஒரு பிளவு அறுத்து, சாய்த்துச் செருகிக் கொடுங்கள். எட்டுச் சீட்டு கடினமாகிவிட்டால் நாலு சீட்டோடு விளையாடுங்கள். அவர் இறக்க நேரம் எடுப்பார். எதிரே இருப்பவர் அவருக்காக ஆடிக்கொடுக்கக்கூடாது. பணம் வைத்து விளையாட வேண்டாம் என்பதற்கு மருத்துவக் காரணமும் உண்டு. பிரமிபெக்சோல், ரோபினிரோல் போன்ற பார்க்கின்சன் குளிசைகள் சிலருக்கு அடக்க முடியாத சூது, செலவு, பாலுணர்வு, தீன் ஆசையைக் கிளப்பும். அப்படி மாற்றம் கண்டால் வெட்கப்படாமல் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

நினைவுச் சோதனையில் 30 புள்ளிக்கு எத்தனை எடுத்தார் என்று வீட்டார் கவலைப்படுவதுண்டு. மொன்ரியல் என்ற நினைவுச் சோதனையில் 26க்குக் கீழே என்றால் மேலும் பார்க்க வேண்டும் என்று கணக்கு. ஐந்தாம் வகுப்போடு வயலுக்குப் போன ஒருவர், நோய் இல்லாமலே அதைவிடக் குறைவாக எடுக்கக்கூடும். எத்தனையாம் வகுப்பு வரை படித்தவர் என்பதையும், காது கேட்குமா, கண்ணில் வெண்படலம் உண்டா என்பதையும் சோதிப்பவருக்குச் சொல்லுங்கள். ஷெல் சத்தத்தில் காது போனவர்கள் எங்களுக்குள் குறைவில்லை. கேட்காத கேள்விக்கு விடை வராது. தைரொயிட், பி12 இரத்தப் பரிசோதனையும் கேளுங்கள்.

பொதுநோக்கு மண்டபத்தில் ஒரு குழு

மறதி நோய்க்கென்று உருவாக்கிய அறிவுத்தூண்டல் குழு முறையை இங்கேயும் நடத்தலாம். ஐந்து முதல் எட்டுப் பேர், வாரத்துக்கு இரண்டு தரம், ஒரு தரம் 45 நிமிடம், ஏழு வாரத்தில் 14 அமர்வு. முதியோர் சங்கம், பொதுநோக்கு மண்டபத் திறப்பு, ஒரு வெள்ளைப் பலகை, இரண்டு உதவியாளர் போதும். ஒவ்வொரு அமர்விலும் திகதி, காலநிலை, ஒரு பாட்டு. பிறகு ஒரு தலைப்பு. இந்தப் போகம் நெல் என்ன விலை போகும், ஒடியல் கூழுக்கு எந்த மீன், ஐயாயிரம் ரூபாயில் ஒரு வாரச் சாமான் வாங்குவது எப்படி என்கிற மாதிரி. சரி பிழை உள்ள கேள்வியைத் தவிர்த்து அபிப்பிராயம் கேளுங்கள். "முறிகண்டியில் கச்சான் நல்லமோ, வீட்டில் வறுக்கிறது நல்லமோ?" என்றால் எல்லாருக்கும் சொல்ல ஒன்று இருக்கும்.

பழைய நினைவைக் கிளறும் அமர்வு வெளிநாட்டுக் கையேடுகளில் இருக்கும். இங்கே அதில் அவதானம் வேண்டும். குடும்பப் படம் கொண்டுவரச் சொல்லாதீர்கள். படமே மிஞ்சாதவர்கள் இருக்கிறார்கள், படத்தில் உள்ளவர்கள் மிஞ்சாதவர்களும் இருக்கிறார்கள். வெட்டு மிதிப்பு, மாட்டுவண்டி, விளக்குக்கூடு, பள்ளிக்கூடப் பாட்டு என்று பொருட்களைப் பிடித்துப் போங்கள். யாராவது அழத் தொடங்கினால் தலைப்பை மாற்றி மறைக்காமல், ஒருவர் அவரோடு வெளியே போய் இருக்கட்டும்.

நடையும் கால் ஒட்டுதலும்

நடக்கும்போது கதைக்க வேண்டாம். ஆரோக்கியமான மூளை நடையைத் தானாக ஓட்டும். பார்க்கின்சனில் அதற்கும் கவனம் செலவாகிறது. கதை கொடுத்தால் கவனம் கதைக்குப் போய் கால் நின்றுவிடும். அழைப்பு வந்தால் நின்று, சுவரில் சாய்ந்தபின் எடுக்கப் பழக்குங்கள்.

கால் ஒட்டுவது வாசற்படியில், படலையில், திரும்பும்போது, பஸ் ஏறும்போது. அந்த நேரம் கையைப் பிடித்து இழுப்பதுதான் எல்லாரும் செய்யும் பிழை. உடம்பு முன்னுக்கு வரும், கால் அங்கேயே நிற்கும், ஆள் முகங்குப்புற விழுவார். பக்கத்தில், சற்றுப் பின்னால் நின்று இதைச் சொல்லுங்கள்:

1. "நில்லுங்கோ." முயற்சியை முழுதாக விடவேண்டும்.
2. "நிமிருங்கோ." ஒரு மூச்சு.
3. "இடப்பக்கம், வலப்பக்கம்." பாரத்தை ஒரு காலிலிருந்து மற்றதற்கு மாற்றி ஆடட்டும்.
4. "பெரிய கால் வையுங்கோ." உங்கள் பாதத்தை அவருக்கு முன் குறுக்கே வைத்தால், அதைத் தாண்டக் கால் தானாக எழும்பும்.

ஒட்டும் இடம் தெரிந்ததென்றால் சீமெந்து நிலத்தில் வெள்ளைப் பெயின்றால் குறுக்குக் கோடு போடுங்கள். இரண்டு அங்குல அகலம், அவரின் வசதியான ஓர் எட்டு இடைவெளி. பெரும்பாலும் 40 முதல் 50 சென்ரிமீற்றர். வாசலுக்கு முன்னும் பின்னுமாக ஐந்தாறு கோடு போதும். கோட்டை மிதிக்காமல் தாண்டச் சொல்லுங்கள். நெடுக்காகப் போட்ட கோடு உதவாது. வெளியில் கோடு போட முடியாத இடத்தில் தாளம் உதவும்: கைதட்டு, "ஒண்டு, ரெண்டு", அல்லது கைபேசியில் மெட்ரோனோம். ஒரு நிமிடத்தில் அவர் இயல்பாக எத்தனை எட்டு வைக்கிறார் என்று எண்ணி, அதே வேகத்தில் தொடங்குங்கள். வேகத்தைக் கூட்டினால் எட்டு சிறுத்து ஓட்டமாகிவிடும். திரும்புவது குதியில் சுழன்று வேண்டாம். வண்டில் திரும்புவது போல அகல வளைந்து.

வோக்கர் வாங்க முதல் இயன்மருத்துவரான பிசியோவிடம் காட்டுங்கள். தூக்கி வைக்கும் சில்லில்லாத வோக்கர் கால் ஒட்டுபவருக்கு ஒவ்வொரு எட்டிலும் புதுத் தடை. சின்னச் சில்லுள்ளது சீமெந்தில் முந்தி ஓடும், எங்கள் மணல் ஒழுங்கையில் புதையும். பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் உதவிச் சாதனம் கேட்கும்போதும் பிசியோவின் எழுத்தோடு போனால் பிழையானது வந்து சேராது.

பிளாஸ்ரிக் கதிரையைச் சுவரோடு ஒட்டி வையுங்கள், பின்னுக்கு வழுக்கும். குந்துகின்ற மலசலகூடத்தின் மேல் கொமட் கதிரை, சுவரில் கைபிடி. கிணற்றடியில் பாசி பிடிக்காமல் வாரம் ஒருமுறை உரஞ்ச வேண்டும். வாளி தூக்கும் வேலை இனி அவருக்கு இல்லை. சாறத்தை இழுத்துப் பிடிப்பதிலேயே ஒரு கை போய்விடுவதால் இடுப்பில் இலாஸ்ரிக் தைத்துக்கொடுங்கள்.

எழும்பியவுடன் தலை சுற்றினால் இரத்த அழுத்தம் இறங்குவது காரணமாக இருக்கலாம். படுத்தபடி ஒரு தரம், எழும்பி நின்று ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் அளக்கக் கேளுங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் வைத்தியருக்குச் சொல்ல வேண்டிய விடயம். கட்டிலில் இருந்து காலை ஆட்டிவிட்டு எழும்புவது, வெயில் காலத்தில் தண்ணியைக் கூட்டுவது, தலைப்பக்கத்தை உயர்த்திப் படுப்பது கைகொடுக்கும். வற்றாப்பளைப் பொங்கலுக்குக் கூட்டிப்போனால் வரிசையில் நிற்கவைக்காமல் இருத்திவிடுங்கள்.

குரலும் விழுங்கலும்

அவருக்கு அவர் சத்தம் போடுவது போலத்தான் கேட்கிறது. உங்களுக்குக் கேட்பது முணுமுணுப்பு. இதற்காகவே வகுத்த சிகிச்சை எல்.எஸ்.வி.டி. லவுட்: வாரத்துக்கு நாலு நாள், நாலு வாரம், ஒரு மணித்தியாலமாக 16 அமர்வு, பயிற்சி பெற்ற பேச்சுச் சிகிச்சையாளரோடு. அது எட்டாத வீட்டில், அதன் சாரமான "பெரிதாகக் கதை" என்ற ஒரே கட்டளையைப் பிடித்துக்கொள்ளலாம். நிமிர்ந்து இருந்து, வயிறு நிறைய மூச்செடுத்து, பலமாக "ஆ" என்று முடிந்தவரை நீட்டட்டும், பத்துத் தரம். பிறகு அன்றாடம் வேண்டிய பத்து வசனம்: "தேத்தண்ணி வேணும்", "என்னை எழுப்பிவிடு", பேரப்பிள்ளையின் பெயர். தேவாரமோ கீதமோ தெரிந்தவர் அதையே ஓங்கிப் பாடட்டும். தொண்டை நோவு வந்தால் மூச்சில்லாமல் நெரித்துக் கத்துகிறார் என்று பொருள். நிறுத்தி மூச்சைத் திருத்துங்கள். கைபேசியை ஒரே தூரத்தில் வைத்துக் கிழமைக்கு ஒருமுறை பதிந்து அவருக்கே போட்டுக்காட்டுங்கள். கனடாவில் இருக்கும் மகனுக்கு அழைப்பு எடுப்பது 'ந' மணியிலாக இருக்கட்டும்.

சாப்பிடும்போது இருமல், விழுங்கியபின் நனைந்த குரல், அடிக்கடி நெஞ்சுச் சளிக் காய்ச்சல் என்றால் சாப்பாடு மூச்சுக்குழாய்க்குள் போகக்கூடும். நிமோனியா இந்த நோயில் உயிருக்கு வரும் பெரிய ஆபத்து. பேச்சுச் சிகிச்சையாளர் பார்க்க வேண்டும். அதுவரை நேராக இருத்தி, சிறு கரண்டியால், ஒரு வாய் முழுதாக இறங்கியபின் அடுத்தது. சாப்பிட்டு அரை மணித்தியாலம் படுக்க விடாதீர்கள். உதிரும் புட்டு தொண்டையில் சிதறும், சொதி விட்டு நன்றாகக் குழையுங்கள். கஞ்சி இலேசு என்று கொடுப்பார்கள். தண்ணியும் சோறும் வேறாக நிற்கும் கஞ்சியும் துண்டு மிதக்கும் கூழும்தான் கடினம், தண்ணி முந்தி ஓட, துண்டு பிந்தித் தங்கும். அடித்துக் குழைத்து ஒரே பதமாக்குங்கள். நீண்டநேரம் வேலை செய்யும் வகைக் குளிசையை இடிக்கக்கூடாது; விழுங்க முடியாவிட்டால் வைத்தியரிடம் மாற்றுக் கேளுங்கள்.

மனமும் இரவும்

துக்க வியாதியும் முனைப்பின்மையும் வெளிக்கு ஒன்றுபோல இருக்கும். தானாக ஒன்றும் தொடங்கமாட்டார், சொன்னால் செய்வார், முகம் உணர்ச்சி காட்டாது, கவலை இருக்கிறதா என்றால் இல்லை என்பார்: இது முனைப்பின்மை. இதற்கு மருந்தைவிட நேரசூசி உதவும். எட்டு மணிக்குக் கோழிக்குத் தீன், பத்துக்குப் பூக்கன்றுக்குத் தண்ணி என்று. அழுகை, குற்றவுணர்வு, சாவைப் பற்றிய கதை என்றால் வைத்தியசாலை உளநலப் பிரிவுக்குப் போங்கள். தொலைபேசியில் கதைக்க தேசிய உளநல உதவி இலக்கம் 1926.

இரவில் கனவோடு சேர்ந்து கத்துவது, உதைப்பது, அடிப்பது பார்க்கின்சனின் ஒரு குணம். பெரும்பாலும் விடியற்பக்கம் வரும். போர்க் கனவு என்றும் பேய் என்றும் விட்டுவிடாமல் வைத்தியருக்குச் சொல்லுங்கள். பாயைச் சுவரிலிருந்து தள்ளி விரித்து, விளக்கு, செம்பு, கத்தி எல்லாவற்றையும் எட்டாத் தூரத்தில் வையுங்கள்.

இல்லாத ஆளோ பிள்ளையோ தெரிவதாகச் சொன்னால் "பொய்" என்று வாதாடவும் வேண்டாம், "ஓம், நானும் கண்டனான்" என்று ஒத்துப்போகவும் வேண்டாம். "எனக்குத் தெரியேல்ல, நான் பக்கத்தில இருக்கிறன்" போதும். மங்கலான மூலையில் தொங்கும் சட்டையைக் கழற்றி, சிறு மின்குமிழ் ஒன்றைப் போட்டுவிடுங்கள். இது திடீரென ஓரிரு நாளுக்குள் வந்தால் சிறுநீர்க் கிருமி, நீர் வற்றல், மலச்சிக்கல், புதுக் குளிசை ஆகியவற்றில் ஒன்று காரணமாக இருக்கலாம், அன்றே காட்டுங்கள்.

பார்க்கிறவர் பெரும்பாலும் மனைவி அல்லது கலியாணமாகாத மகள். கிழமையில் ஒரு பின்னேரமாவது வேறொருவர் பொறுப்பெடுக்கும்படி குடும்பத்தில் நாள் குறித்து ஒழுங்கு செய்யுங்கள். "ஏலுமான நேரம் வாறன்" என்பவர் வரமாட்டார்.

குளிசையை எந்தக் காரணத்துக்காகவும் திடீரென நிறுத்தக்கூடாது. கடும் காய்ச்சலும் விறைப்பும் மயக்கமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அப்படி நேர்ந்தாலோ, சாப்பாடு அடைத்து மூச்சுத் திணறினாலோ, விழுந்து தலை அடிபட்டாலோ 1990 அம்புலன்சை அழையுங்கள். குளத்து வான்கதவு திறக்கும் கார்த்திகை, மார்கழி மழைக்கு முன்னரே இரண்டு கிழமைக் குளிசையும் மருந்துப் பட்டியலின் ஒரு பிரதியும் இறுகக் கட்டிய பொலித்தீன் பையில் போட்டு, அடையாள அட்டையோடு வாசல் ஆணியில் தொங்கவிடுங்கள்.